பதம் கண்ட கதை: தோல், பால், கம்பளி

1991 செப்டம்பரில் ஆஸ்திரியாவுக்கும் இத்தாலிக்கும் இடைப்பட்ட ஆல்ப்ஸ் மலைச்சரிவில் நடந்துபோன ஒரு தம்பதியர், உருகும் பனியிலிருந்து ஒரு மனித உடல் பாதி வெளிவந்து கிடப்பதைக் கண்டார்கள். வழிதவறிச் செத்த மலையேறி ஒருவரின் உடல் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். ஆய்ந்து பார்த்தபோது அவர் இறந்து 5,300 ஆண்டுகள் ஆகியிருந்தன. இன்று உலகம் அவரை ஓட்ஸி என்று அழைக்கிறது. அவர் உடுத்தியிருந்த தோல்களின் மரபணுக்களை ஆராய்ந்த முடிவுகள் 2016இல் வெளியாயின. மேலங்கி செம்மறித் தோலும் வெள்ளாட்டுத் தோலும் சேர்த்துத் தைத்தது. கால்களை மூடிய உறைகள் வெள்ளாட்டுத் தோல். தொப்பி கரடித் தோல். அம்பறாத்தூணி மான் தோல். காலணியின் வார் மாட்டுத் தோல். செருப்புக்குள் குளிருக்கு அணைவாக உலர்ந்த புல் திணித்திருந்தார்.

இவ்வளவு இருந்தும் அவர் உடலில் ஒரு முழம் கம்பளி நூல் இல்லை. பனிமலையில் திரிந்த மனிதர். ஆடு வளர்த்த சமூகத்தைச் சேர்ந்தவர். ஆட்டின் தோல் அவரிடம் இருக்கிறது, ஆட்டு மயிரில் நெய்த துணி இல்லை.

ஏறக்குறைய அதே காலத்தில், தெற்கு மெசபடோமியாவின் ஊருக் நகரத்தில் எழுத்தர்கள் ஈரக் களிமண் பலகையில் ஆடுகளைக் கணக்கெழுதத் தொடங்கியிருந்தார்கள். வட்டத்துக்குள் ஒரு சிலுவைக் கோடு போட்டால் ஆடு. கிடாய்க்கு ஒரு குறி, பெட்டைக்கு ஒரு குறி, மயிருக்காக வளர்க்கும் ஆட்டுக்குத் தனியாக ஒரு குறி. ஓட்ஸி ஆட்டைக் கொன்று உடுத்தினார். ஊருக்கில் அதை உயிரோடு வைத்து ஆண்டுதோறும் உடுத்திக்கொண்டிருந்தார்கள். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே நடந்தது என்ன என்பதுதான் தொல்லியலில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்துவரும் ஒரு பெரிய விவாதம்.

விவாதத்தைத் தொடங்கிவைத்தவர் ஆண்ட்ரூ ஷெராட் என்ற பிரிட்டிஷ் தொல்லியலாளர். 1981இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதன் விலங்குகளைப் பழக்கியது ஒரே அடியில் நடந்த செயல் அல்ல என்று வாதிட்டார். முதலில் ஆடும் மாடும் இறைச்சிக்காகவும் தோலுக்காகவும் எலும்புக்காகவும் வளர்க்கப்பட்டன. அதாவது கொன்றால்தான் பயன். பல்லாயிரம் ஆண்டு கழித்து, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டை ஒட்டி, பால், கம்பளி, ஏர் இழுப்பு, பொதி சுமப்பு எல்லாம் ஒரு தொகுப்பாகப் பெருகின; அதாவது உயிரோடு வைத்திருந்தால்தான் பயன். இதை அவர் 'இரண்டாம் நிலைப் பொருள்களின் புரட்சி' என்றார். ஆட்டை முதல் என்றும் பாலையும் மயிரையும் வட்டி என்றும் கண்டுகொண்ட காலம் அது என்று நம் கணக்கில் சொல்லலாம்.

அழகான கோட்பாடு. கேள்வியும் சரியான கேள்வி. ஆனால் பின்வந்த சான்றுகளைச் சேர்த்துப் படிக்கும்போது எனக்குத் தோன்றுவது வேறு. தோல், பால், கம்பளி மூன்றும் ஒரே தொகுப்பாக வரவில்லை. மூன்றுக்கும் தனித்தனி வரலாறு. தோல் மிக மிகப் பழையது. பால், ஷெராட் நினைத்ததைவிட மூவாயிரம் ஆண்டு முந்தியது. கம்பளியின் காலத்தை மட்டும் அவர் ஏறக்குறைய சரியாகச் சொன்னார். மூன்றுக்கும் பொதுவானது ஒன்று உண்டு: கிடைத்தபடியே எதுவும் பயன்படாது. உரித்த தோல் இரண்டு நாளில் அழுகும். காயவைத்தால் பலகைபோல விறைக்கும். கறந்த பால் ஒரு வெயிலைத் தாங்காது. காட்டு ஆட்டின் மயிரை நூற்கவே முடியாது. இவற்றுக்கு ஒரு பக்குவம் வேண்டும். தமிழில் அதற்கு 'பதம்' என்ற சொல் இருக்கிறது. தோல் வேலையைப் பதனிடுதல் என்றே சொல்கிறோம். பாகுக்கும் பதம் உண்டு, உறை ஊற்றும் பாலுக்கும் சூட்டின் பதம் உண்டு. மூன்று பொருள்களும் அன்றாட வாழ்வுக்குள் வந்தது அந்தப் பதம் பிடிபட்ட நாளில்தான்.

தோலிலிருந்து தொடங்கலாம். துணியும் தோலும் மண்ணில் மக்கிப்போகும் என்பதால் தொல்லியலாளர்கள் சுற்றுவழியில் துப்பறிய வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் ஷோனிங்கனில் கிடைத்த 3 லட்சம் ஆண்டுப் பழமையான குகைக்கரடி எலும்புகளில், பாதத்தில், மெல்லிய வெட்டுத் தடங்கள் இருக்கின்றன. கரடியின் பாதத்தில் கறி இல்லை. அங்கே கத்தி வைப்பவர் தோலைச் சேதமில்லாமல் உரிக்கிறார். மொராக்கோவின் கான்ட்ரபாண்டியர் குகையில் 1,20,000 முதல் 90,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட எலும்புக் கருவிகள் கிடைத்தன. பலவற்றின் வடிவமும் தேய்மானமும் தோலைச் சுரண்டி மெருகேற்றும் கருவிகளுக்கு உரியவை. இன்னொரு சான்று பேனிலிருந்து வருகிறது. தலைப்பேன் வேறு, உடுப்பில் வாழும் சீலைப்பேன் வேறு. உடுப்பு இல்லாமல் சீலைப்பேன் வாழ முடியாது. இரண்டும் எப்போது பிரிந்தன என்று மரபணு வழியாகக் கணக்கிட்டவர்கள், 1,70,000 ஆண்டு முதல் 83,000 ஆண்டு வரை என்ற எல்லைக்குள் வந்தார்கள். மனிதன் உடுத்தத் தொடங்கிய காலத்துக்கு ஒரு பேன் சாட்சி சொல்கிறது.

ஆகவே ஆடு மாடு பழக்குவதற்குக் குறைந்தது ஒரு லட்சம் ஆண்டு முன்பே தோல் வேலை இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, வேட்டைச் சமூகங்கள் தோலைப் பதப்படுத்தக் கண்ட வழிகள். விலங்கின் மூளையையும் கொழுப்பையுமே அதன் தோலில் தேய்த்து ஊறவைத்துப் பிசைவது. பிறகு புகையில் காட்டுவது. தோலின் அடிப்படை கொலாஜன் என்ற புரத நார். ஈரமிருந்தால் நுண்ணுயிர் அதைத் தின்றுவிடும். ஈரம் போனால் நார்கள் ஒன்றோடொன்று ஒட்டி விறைத்துவிடும். கொழுப்பு நார்களுக்கு இடையே புகுந்து ஒட்டாமல் காக்கிறது. புகையிலுள்ள வேதிப்பொருள்கள் நார்களைப் பிணைத்து அழுகலைத் தடுக்கின்றன. வேதியியல் பெயர் தெரியாமலே கையும் மூக்கும் கண்டறிந்த வித்தை அது.

அடுத்த படி மரப்பட்டை. ஐரோப்பாவில் ஓக் பட்டை, மேற்காசியாவிலும் எகிப்திலும் வேலம் வகைகள், நம் ஊரில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும். பட்டையின் துவர்ப்பு எதுவோ அதுவேதான் தோலைப் பதனிடுகிறது. துவர்ப்புப் பொருள் கொலாஜனோடு கட்டிக்கொண்டால் தண்ணீரில் நனைந்தாலும் தோல் அழுகாது. ஆர்மீனியாவின் அரேனி குகையில் 2008இல் கிடைத்த ஒற்றைச் செருப்பு, ஒரே துண்டு மாட்டுத் தோலில் செய்து வார் கோத்தது. 5,500 ஆண்டுப் பழமை. அதை அவ்வளவு காலம் கெடாமல் காத்தது அதன்மேல் படிந்து இறுகிய ஆட்டுப் புழுக்கை அடுக்கு. படத்தில் பார்த்தால் இன்றைக்கும் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம் போலிருக்கும்.

தோல் அன்றாடத்துக்குள் எவ்வளவு ஆழமாகப் போயிற்று என்பதைப் பிளாஸ்டிக்கும் ரப்பரும் வந்த பிறகு நாம் மறந்துவிட்டோம். தண்ணீர் சுமந்த பை, கொல்லன் துருத்தி, குதிரைச் சேணம், கேடயம், எழுதுவதற்கான தாள், முரசு எல்லாமே தோல்தான். தமிழ்நாட்டில் பம்புசெட் வரும் வரை கமலை இறைத்த கிணறுகளில் சாலின் அடியில் கட்டிய தோல் வால் இல்லாவிட்டால் வயலுக்குத் தண்ணீர் இல்லை. ஊருக்குச் சோறு போட்ட நீர் ஒரு தோல் குழாய் வழியாகவே வந்தது. அதைத் தைத்துக் கொடுத்தவரை ஊர் எங்கே வைத்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இனி பால். இந்தப் பகுதியில்தான் கடந்த முப்பது ஆண்டுகளில் அறிவு தலைகீழாக மாறியிருக்கிறது.

முதல் சான்று எலும்பில் இருந்தது. செபாஸ்டியன் பெய்ன் என்ற விலங்கெலும்பு ஆய்வாளர் 1973இல் ஓர் எளிய வழியைச் சொன்னார். ஆட்டின் தாடைப் பற்களைப் பார்த்தால் அது எந்த வயதில் வெட்டப்பட்டது என்று தெரியும். கறிக்கு வளர்ப்பவர் நன்றாகச் சதை பிடித்த இளங்கிடாயை வெட்டுவார். பாலுக்கு வளர்ப்பவர் கிடாக்குட்டிகளைச் சீக்கிரமே கழித்துவிடுவார். குட்டி குடிக்கும் பால் வீட்டுக்கு வரும். மயிருக்கு வளர்ப்பவர் காயடித்த கிடாய்களையும் கிழப்பருவம் வரை விட்டுவைப்பார். ஒரு குப்பை மேட்டின் பற்களைக் கணக்கெடுத்தால் அந்த ஊரின் பொருளாதாரம் தெரிந்துவிடும். நம் ஊரில் ஆடு மேய்ப்பவர் எவரிடம் கேட்டாலும் இதைச் சொல்லியிருப்பார். ஆனால் அதை எண்ணாக்கிச் சான்றாக்கியது பெரிய காரியம்.

இரண்டாம் சான்று பானைக்குள் இருந்தது. மெருகிடாத மண்பானையில் பால் காய்ச்சினால் அதன் கொழுப்பு சுவரின் நுண்துளைகளில் புகுந்துகொள்ளும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே இருக்கும். பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட்டும் அவர் குழுவும் அந்தக் கொழுப்பிலுள்ள கார்பன் ஐசோடோப்புகளை அளந்து, இது மாட்டுக் கறியின் கொழுப்பா, பாலின் கொழுப்பா என்று பிரித்தறியும் முறையை உருவாக்கினார்கள். 2008இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு 2,200க்கும் மேற்பட்ட பானைகளைச் சோதித்தது. துருக்கியின் வடமேற்கே மர்மரா கடலைச் சுற்றிய பகுதியில் கி.மு. ஏழாம் ஆயிரத்தாண்டிலேயே பால் பெருமளவில் பயன்பட்டிருந்தது. ஷெராட்டின் புரட்சிக்கு மூவாயிரம் ஆண்டு முன்பு.

இதற்கு அடுத்தபடி போலந்திலிருந்து வந்தது. அங்கே குயாவியா பகுதியின் பழைய குடியிருப்புகளில் பொத்தல் பொத்தலாக ஓட்டையிட்ட பானை ஓடுகள் கிடைத்துக்கொண்டே இருந்தன. இவை பாலாடைக்கட்டி வடிக்கும் பாத்திரங்களாக இருக்கலாம் என்று பீட்டர் போகுக்கி 1980களில் ஓர் ஊகம் சொன்னார். 2013இல் மெலனி சால்க் குழுவினர் அந்த ஓடுகளைச் சோதித்தபோது பால் கொழுப்பு நிறைந்திருந்தது. ஊகம் முப்பது ஆண்டு கழித்து மெய்ப்பட்டது. ஏறக்குறைய 7,000 ஆண்டுக்கு முன்பு ஒருவர் பாலைத் திரியவைத்து, நீரை வடித்து, கட்டியை எடுத்திருக்கிறார்.

ஏன் வடிக்க வேண்டும்? இங்கேதான் பதம் வருகிறது. பாலிலுள்ள சர்க்கரை லாக்டோஸ். அதைச் செரிக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். பாலூட்டிகளில் பால்குடி மறந்த பிறகு அந்த நொதி சுரப்பது குறைந்துவிடும். மனிதருக்கும் அதுவே இயல்பு. இன்றைக்கும் உலகின் வளர்ந்த மனிதர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்கு அந்த நொதி போதிய அளவு சுரப்பதில்லை. பழங்கால ஐரோப்பிய எலும்புகளின் மரபணுவைப் பார்த்தவர்களுக்கு வியப்பு காத்திருந்தது: பாலைப் பயன்படுத்தத் தொடங்கிப் பல ஆயிரம் ஆண்டுகள் கழிந்தும், செரிக்கும் மரபணு அங்கே அரிதாகவே இருந்தது. வடக்கு ஜெர்மனியில் டோலென்ஸ் ஆற்றங்கரையில் கி.மு. 1200 வாக்கில் போரில் மடிந்தவர்களைச் சோதித்தபோது, எட்டில் ஒருவருக்குத்தான் அது இருந்தது. இன்று அதே பகுதியில் பெரும்பான்மையோருக்கு உண்டு.

அப்படியானால் அவ்வளவு காலம் எப்படிச் சமாளித்தார்கள்? உறை ஊற்றினார்கள், புளிக்கவைத்தார்கள், கடைந்தார்கள், வடித்தார்கள். தயிரில் நுண்ணுயிர்கள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. முற்றிய பாலாடைக்கட்டியில் அது அநேகமாக இருப்பதில்லை. நெய்யில் இல்லவே இல்லை. மங்கோலியர்கள் இதற்கு வாழும் சான்று: குதிரை, ஒட்டகம், யாக், ஆடு என்று இத்தனை விலங்குகளின் பாலில் வாழ்பவர்கள், ஆனால் அவர்களில் செரிக்கும் மரபணு உள்ளவர்கள் மிகச் சிலரே. உடம்பு மாறுவதற்கு முன்பே சமையல் மாறிவிட்டது. மனித வரலாற்றில் பாலை வென்றது முதலில் வயிறு அல்ல, பானை. 2022இல் எவர்ஷெட்டும் பலரும் சேர்ந்து வெளியிட்ட பெரிய ஆய்வு இன்னொன்றையும் சேர்த்தது: செரிக்கும் மரபணு பின்னால் வேகமாகப் பரவியதற்குப் பஞ்சமும் தொற்றுநோயும் காரணமாக இருக்கலாம். நல்ல காலத்தில் வயிற்றுப்போக்கு ஒரு தொல்லை. பஞ்சத்தில் அதுவே சாவு.

கிழக்கு ஆப்பிரிக்காவில் இதே திறன் வேறு மரபணு மாற்றங்களால் தனியாக உருவானது. இந்தியாவில் ஐரோப்பாவில் உள்ள அதே மாற்றமே காணப்படுகிறது. வடமேற்கில் மிகுதி, தெற்கும் கிழக்கும் வர வரக் குறைவு. தெற்கே நாம் பந்தியை மோர்ச் சோற்றில் முடிக்கிறோம். அதை ருசியின் பழக்கமாக மட்டும் நான் பார்ப்பதில்லை. வயிறு கண்ட பழைய அறிவும் அதில் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இந்தியத் துணைக்கண்டத்தின் பால் வரலாறு யாரிடமும் கடன் வாங்கியதல்ல. திமில் மாடு இங்கேயே பழக்கப்பட்டது, ஆற்றெருமையும் அப்படியே. குஜராத்தின் கோட்டடா பட்லி என்ற சிறு சிந்துவெளிக் குடியிருப்பில் எடுத்த 59 பானை ஓடுகளில் பலவற்றில் பால் கொழுப்பு இருந்ததை 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. காலம் கி.மு. 2500 வாக்கில். அது பெருநகரமல்ல, ஒரு கிராமம். அன்றாடம் என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. சங்க இலக்கியத்தில் பெரும்பாணாற்றுப்படை காட்டும் ஆய்மகளையும் இங்கே நினைக்க வேண்டும். விடியலில் தயிர் கடைகிறாள். மோர் விற்று வந்த தானியத்தில் குடும்பத்துக்குச் சோறு போடுகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்காமல் எருமையையும் பசுவையும் வாங்குகிறாள். நெய்யை மறுபடி மாடாக்கும் அந்தப் பெண்ணின் கணக்கை ஷெராட் படித்திருந்தால் தன் கட்டுரையில் சேர்த்திருப்பார். நீலகிரியின் தோடர்களோ இன்னும் ஒரு படி மேலே போனார்கள். டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் அவர்களைப் பற்றி எழுதிய நூலின் மையமே அவர்களுடைய பால்மனைகள்தான். பால் கடையும் இடமே கோயில், கடைபவரே பூசாரி.

பாலின் கதையில் என் மனத்தை அதிகம் தொட்டது வேறொரு பாத்திரம். ஜெர்மனியின் பவேரியாவில், குழந்தைகளின் கல்லறைகளில், சிறு மூக்கு வைத்த மண்கிண்ணங்கள் கிடைத்தன, காலம் கி.மு. 1200 முதல் 450 வரை. ஜூலி டன் குழுவினர் 2019இல் சோதித்தபோது அவற்றில் ஆட்டுப்பால் அல்லது மாட்டுப்பாலின் கொழுப்பு இருந்தது. நம் பாலாடை போல, தாய்ப்பால் போதாத குழந்தைக்குப் புகட்டிய பாத்திரம். குழந்தை பிழைக்கவில்லை. பாத்திரத்தையும் சேர்த்துப் புதைத்திருக்கிறார்கள்.

கம்பளிக்கு வருவோம். தமிழ் வாசகருக்கு இதைப் புரியவைப்பது எளிது, ஏனென்றால் நம் செம்மறிகளில் பலவற்றுக்குக் கம்பளி கிடையாது. சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள்: செம்பழுப்பு நிறம், மாட்டைப் போலப் படிந்த குட்டை மயிர். அதன் மதிப்பு தோலில்தான். ஏறக்குறைய 10,500 ஆண்டுகளுக்கு முன்பு மேற்காசியாவில் முதலில் பழக்கப்பட்ட செம்மறியும் பஞ்சு மூட்டையாக இருக்கவில்லை. காட்டுச் செம்மறிக்கு வெளியே முரட்டு மயிர். அடியில் குளிர்காலத்துக்கு மட்டும் ஒரு மெல்லிய தூவி, வசந்தத்தில் தானே உதிர்ந்துவிடும். அந்த அடித்தூவி நீண்டு, மேல் மயிர் மெலிந்து, உதிராமல் வளரும் கம்பளியானது மேய்ப்பர்கள் பல தலைமுறை தெரிந்தெடுத்து இனப்பெருக்கியதால். ஐஆர்எஃப்2பிபி2 என்ற மரபணுவில் நுழைந்த ஒரு சிறு துண்டு இந்த மாற்றத்தில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்று 2017இல் கண்டறிந்தார்கள். ஸ்காட்லாந்துக்கு மேற்கேயுள்ள செயின்ட் கில்டா தீவின் சோவே ஆடுகள் இன்றும் பழைய பழக்கத்தை விடவில்லை. வெட்ட வேண்டியதில்லை, பருவத்தில் மயிரைக் கையால் பறித்துவிடலாம்.

எப்போது நூற்கத் தொடங்கினார்கள் என்பதில் பெரிய குழப்பம் இருந்தது. துருக்கியின் சட்டல்ஹோயுக்கில் 1960களில் ஜேம்ஸ் மெல்லார்ட் தோண்டியபோது 8,000 ஆண்டுக்கும் முற்பட்ட நெய்த துணித் துண்டுகள் கிடைத்தன. கம்பளி என்று சிலர், ஆளிநார் லினன் என்று சிலர், அறுபது ஆண்டு வாதாடினார்கள். 2021இல் வெளியான ஆய்வு இரண்டுமில்லை என்றது: ஓக் மரத்தின் உள்பட்டை நார். ஆடு மேய்த்த ஊர். ஆனால் துணி மரத்திலிருந்து. ஓட்ஸியின் மேலங்கியும் இந்தத் துணியும் சேர்ந்து ஒரே செய்தியைச் சொல்கின்றன. ஆடு வளர்ப்பதற்கும் கம்பளி உடுத்துவதற்கும் இடையே நாலாயிரம் ஆண்டுக்கு மேல் இடைவெளி இருக்கிறது. 2009இல் ஆடுகளின் மரபணுவில் பதிந்த பழைய வைரஸ் தடங்களை ஆராய்ந்தவர்கள், தென்மேற்கு ஆசியாவிலிருந்து ஆடுகள் ஒருமுறை பரவிய பிறகு, மேம்பட்ட இன ஆடுகள் இரண்டாம் அலையாகப் பரவியதைக் கண்டார்கள். கம்பளியின் காலத்தில் ஷெராட் சரியாகக் கண்டார் என்று நான் சொல்வது இதனால்தான்.

வந்த பிறகு கம்பளி எல்லாவற்றையும் மாற்றியது. லினன் நாருக்கு நல்ல வயல் வேண்டும், நீர் வேண்டும். சாயமும் எளிதில் ஏறாது. கம்பளிக்கு உழவுக்கு உதவாத மேய்ச்சல் நிலம் போதும். வெள்ளை மயிரில் எந்த நிறமும் பளிச்சென்று பிடிக்கும். சுருளும் இழைகள் காற்றை அடைத்துவைத்துக் குளிரைத் தடுக்கும். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சியும் நனைந்ததாகத் தோன்றாது. மரமும் உலோகமும் இல்லாத தெற்கு மெசபடோமியாவுக்கு ஏற்றுமதி செய்ய ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

ஆனால் யார் நெய்தது? கி.மு. 2100 வாக்கில் மூன்றாம் ஊர் வம்சத்தின் ஆட்சியில் கோயில், அரசு நெசவுக்கூடங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் வேலை செய்தார்கள். பிள்ளைகளும் உடன் இருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு மாதக் கூலி பொதுவாக 30 லிட்டர் வாற்கோதுமை. ஆண் கூலியாளுக்கு 60. இந்தக் கணக்குப் பலகைகளில் பலரின் பெயர்கூட இருக்கிறது. அங்கேயே பாதிக்கூலி எழுதப்பட்டுவிட்டது.

நூறிருநூறு ஆண்டு கழித்து இன்னொரு காட்சி. வடக்கே ஆசூர் நகரத்துப் பெண்கள் வீட்டில் நெய்த துணிகளைக் கழுதை மேல் ஏற்றி, ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தாண்டி அனத்தோலியாவின் கானேஷுக்கு வணிகர்கள் கொண்டுபோனார்கள். அங்கே தோண்டியெடுத்த 20,000க்கும் மேற்பட்ட களிமண் பலகைகளில் வணிகர் ஒருவர் வக்குர்தும் என்ற பெண்ணுக்கு எழுதிய கடிதம் உண்டு: துணியின் ஒரு பக்கத்தை வாரிவிடு, மயிரை ஒட்ட வெட்டாதே, பாவு நெருக்கமாக இருக்கட்டும், நீளம் ஒன்பது முழம், அகலம் எட்டு முழம் இருக்க வேண்டும் என்கிறார். 3,900 ஆண்டுப் பழைய வாடிக்கையாளர் குறிப்பு. இந்தப் பெண்கள் கூலியாட்கள் அல்லர்; விற்ற பணம் தங்களுக்கு வர வேண்டும் என்று கணவர்களுக்குக் கடிதம் எழுதி வாதாடியவர்கள். ஒரே கம்பளி, ஒரே கைவேலை. பலன் யாருக்கு என்பது கூடத்தில் ஒரு விதம், வீட்டில் ஒரு விதம்.

பிற்காலத்துக் கம்பளிச் செல்வத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள், வேகமாகக் கடந்துவிடலாம். 1273இல் காஸ்டீல் மன்னர் பத்தாம் அல்ஃபோன்சோ மேய்ப்பர் சங்கமான மெஸ்தாவுக்கு உரிமைப் பட்டயம் கொடுத்தார். இங்கிலாந்தின் பிரபுக்கள் அவையில் தலைமை வகிப்பவர் இன்றும் கம்பளி அடைத்த இருக்கையில் அமர்கிறார். 1797இல் மெரினோ ஆடுகள் ஆஸ்திரேலியா சேர்ந்தன. ஸ்காட்லாந்தின் மலைநாட்டில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவியட் ஆடுகளுக்கு இடம் வேண்டும் என்று குடியானவர்களை வீட்டைவிட்டுத் துரத்தினார்கள். அன்றாடப் பொருளாக ஒன்று மாறும்போது யாருடைய அன்றாடம் அழிகிறது என்பதையும் சேர்த்து எழுதாத வரலாறு அரை வரலாறுதான்.

தோலுக்குத் திரும்புகிறேன். பட்டையில் பதனிட வாரங்கள், தடித்த தோலுக்கு மாதங்கள் ஆகும். மயிர் போக்கச் சுண்ணாம்புக் குழி. பிறகு தோலை மென்மையாக்க நாய் மலமும் புறா எச்சமும். விக்டோரியா கால லண்டனில் பதனிடும் தொட்டிகளுக்கு விற்கத் தெருத்தெருவாக நாய் மலம் பொறுக்கி வயிறு வளர்த்த கிழவிகள் இருந்தார்கள். 1908இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஓட்டோ ரோம் அதே வேலையைச் செய்யும் நொதியை விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்து விற்கத் தொடங்கிய பிறகே அந்த வேலை ஒழிந்தது. 1884இல் நியூயார்க்கின் சாய வேதியியலாளர் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் உப்பில் பதனிடும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெண்களின் இடுப்புக்கச்சைக்குள் வைக்கும் எஃகுப் பட்டையைத் துருப்பிடிக்க வைக்காத தோல் வேண்டும் என்பதுதான் அவரிடம் வந்த கோரிக்கை. விளைந்ததோ உலகத்தின் செருப்பு. மாதங்கள் ஒரு நாளாகச் சுருங்கின. இன்று உலகத் தோலில் மிகப் பெரும் பங்கு குரோமில்தான் பதனாகிறது.

சென்னை மாகாணம் இந்தக் கதையின் ஓரத்தில் நிற்கவில்லை. ஆவாரம்பட்டையில் பதனிட்ட சென்னைத் தோல் 19ஆம் நூற்றாண்டில் லண்டன் சந்தைக்குப் போனது. ஆல்ஃபிரட் சாட்டர்டன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குரோம் முறையைச் சோதித்தார். 1948இல் அடையாற்றில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. பின்னர் அதன் இயக்குநரான நாயுடம்மா அறிவியலைத் தோல் ஷாப்புகளின் வாசல்வரை கொண்டுபோனார். வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை, திண்டுக்கல் ஊர்கள் இதில் வாழ்ந்தன. கழிவு பாலாற்றில் கலந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் மூலத்தூண்களில் ஒன்று நம் ஆற்றங்கரைத் தோல் தொட்டியிலிருந்து எழுந்தது. கிணறுகள் இன்னும் முழுதும் தேறவில்லை.

பாலும் தொழிற்சாலைக்குள் போனது; ஆனால் இந்தியாவில் அது வேறு வழியில் போனது. 1946இல் குஜராத்தின் கேடா மாவட்ட உழவர்கள் தங்கள் பாலைத் தாங்களே விற்கக் கூட்டுறவு தொடங்கினார்கள். கிண்டியில் பொறியியல் படித்த வர்கீஸ் குரியன் 1949இல் ஆனந்துக்குப் போனார். எருமைப்பாலைப் பொடியாக்க முடியாது என்று வெளிநாட்டு வல்லுநர்கள் சொன்னார்கள், எச். எம். தலாயா 1955இல் ஆக்கிக் காட்டினார். அதுவும் ஒரு பதம் கண்டுபிடிப்புதான். இன்று இந்தியாவின் பால் உற்பத்தி ஆண்டுக்கு 23 கோடி டன்னுக்கு மேல், உலகில் முதலிடம். அதில் பெரும்பகுதி ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் வீடுகளிலிருந்து, பெரும்பாலும் பெண்களின் கையிலிருந்து வருகிறது.

மூன்று பொருள்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், பொருளை வாழ்வின் நடுவே வைத்த சமூகங்கள் அதைச் செய்தவரை ஓரத்தில் வைத்த கொடுமை கண்ணில் படாமல் போகாது. யூதர்களின் மிஷ்னா சட்டநூல், தோல் பதனிடும் இடம் ஊரிலிருந்து 50 முழம் தள்ளி, கிழக்கே மட்டும் இருக்க வேண்டும் என்றது. அது நாற்றத்துக்கான விலக்கு. நம் ஊரில் விலக்கியது தொழிலை அல்ல, மனிதரை; அவர் பிள்ளையை, பிள்ளையின் பிள்ளையை. தோல் வாலில் வந்த தண்ணீர் தீட்டில்லை, அதைத் தைத்தவர் தீட்டு. மிருதங்கம் மேடையில், அதற்குத் தோல் பார்த்து, பிடித்து, வார் இழுத்தவர் மேடைக்குக் கீழேகூட இல்லை. திண்டுக்கல் தோல் தொழிலாளரின் வாழ்வை டி. செல்வராஜ் 'தோல்' நாவலில் எழுதியபோதுதான் தமிழ் இலக்கியம் அந்தச் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கிப் பார்த்தது. அதற்கு 2012இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

உலகம் பானை ஓட்டிலும் பேனிலும் பல்லிலும் பதம் கண்டவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறது. நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ஆவாரம்பட்டையை எவ்வளவு நாள் ஊறவைத்தார்கள் என்று சொல்லத் தெரிந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முரட்டுக் கம்பளி நெய்த குறும்பர் வீடுகள் இருக்கின்றன. விரலை நனைத்துப் பார்த்தே உறை ஊற்றும் சூட்டைச் சொல்லும் பாட்டிகள் இருக்கிறார்கள். உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால் போய் உட்கார்ந்து கேளுங்கள். கருவியின் பெயர், தோலின் பகுதிகளுக்கு அவர் சொல்லும் பெயர், ஆட்டு மயிரின் தரத்துக்கு அவர் வைத்திருக்கும் சொல், எல்லாவற்றையும் அவர் சொன்னபடியே எழுதி வையுங்கள். எழுதியவற்றுக்கு மேலே அவர் பெயரையும் போடுங்கள்.